காலி லிஃப்ட் மேலே போகும்

அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆவதற்கு நேர்வழி ஒன்று, மாற்றுவழி ஒன்று என்று கல்வித் துறை சொல்கிறது. ஆசிரியர் அறையில் இருப்பவர்கள் அந்த இரண்டாவதைக் குறுக்குவழி என்பார்கள். அதில் வந்து மாட்டிக்கொண்டவருக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய சுற்றுவழி என்று.

மாட்டிக்கொண்டவர் நம்முடைய லிஃப்ட் சார். பெயர் வைத்தது பிள்ளைகள். பத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அஞ்சல் வழியில் வாங்கிய இயற்பியல் பட்டம் ஒன்று அலமாரியில் வேலையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. இருபது வயதிலேயே வாத்தியார் ஆக ஆசைப்பட்டார். வீட்டு நிலைமை கையில் ஸ்பேனரைக் கொடுத்து லிஃப்ட் குழிக்குள் இறக்கிவிட்டது.

ஆசை என்னவோ மேலேயே நின்றுகொண்டது. யாராவது லிஃப்டுக்குள் மாட்டி அலறினால் மற்ற மெக்கானிக்குகள் "கொஞ்சம் பொறுங்க" என்று கத்திவிட்டு மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். இவர் உதவியாளை மேலே அனுப்பிவிட்டு, கதவிடுக்கில் வாயை வைத்துப் பாடம் நடத்துவார். மேலே எத்தனை கயிறு இருக்கிறது, ஒன்று போனாலும் மற்றவை எப்படித் தாங்கும், இப்போது எது நின்றுபோனதால் நீங்கள் நிற்கிறீர்கள். உள்ளே அழுகை அடங்கும். ஒருமுறை கதவைத் திறந்த பிறகும் ஓர் அம்மாள் வெளியே வராமல், "அந்தக் கடைசி விஷயத்த இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மனசு முழுக்க ஒரு கரும்பலகை.

இயற்பியலுக்கு ஆள் கிடைக்காமல் துறை திண்டாடிய வருடம், அறிவிப்பு வந்தது. பட்டமும் பத்து வருட வேலை அனுபவமும் உள்ளவர்கள் நேராக வகுப்பறைக்கு வரலாம். பகலில் பாடம் நடத்த வேண்டும், சாயங்காலம் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். இரண்டு வருடத்துக்குள் நிரந்தரச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் அந்தக் கல்வியாண்டோடு வந்த வழியே திரும்பிப் போகலாம்.

"நாப்பத்திமூணு வயசுல ஸ்கூலுக்குப் போவேன்னு அடம் பிடிக்கிற புள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதையும் சின்னப் பொட்டலமாகத்தான் கட்டுவாள். "போயிட்டு வாங்க. டிபன் பாக்ஸ மட்டும் தொலைக்காம கொண்டு வாங்க."

இரண்டு வருடத்தில் ஒவ்வொரு தேர்வாகத் தேறிவிட்டார். கடைசியாக ஒரே ஒரு கண்டம் மிச்சம். தான் நடத்தும் பாடம் ஒன்றை இருபது நிமிடம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, முகத்தை மறைக்கக் கூடாது. ஏதாவது ஒரு பிள்ளை யோசிப்பது அதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீடியோவில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் இருக்க வேண்டும். படிவம் தராத பிள்ளைகளைக் கேமராவில் விழாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும். இதெல்லாம் விதி.

ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேருக்குப் படிவம் வரவில்லை. ஜன்னலோரச் சுவரை ஒட்டி அவர்களை உட்கார வைத்தார். அதில் ஒருத்தி வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்தவள். வாயே திறக்க மாட்டாள் என்பதால் வகுப்பு அவளுக்கு 'மியூட்' என்று பெயர் வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு இரக்கம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

பின்பக்க அலமாரியில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் செல்போனை நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். கப்பியின் ஒரு பக்கம் லிஃப்ட், மறுபக்கம் எதிர் எடை. லிஃப்டும் அதில் ஏறக்கூடிய ஆட்களில் பாதிப் பேரும் சேர்ந்தால் எவ்வளவு கனமோ, அவ்வளவு கனம் அந்த எதிர் எடைக்கு. பத்து நிமிடம் போயிற்று. பிறகு கேட்டார்:

"லிஃப்ட் காலியா நிக்குது. பிரேக்கை எடுத்துவிட்டாச்சு. என்ன ஆகும்?"

"கீழ விழும் சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில், கொஞ்சம் ஆசையாகவே.

"மேலதான் சார் போகும்."

ஜன்னலோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இரண்டு வருடமாக எந்த வகுப்பிலிருந்தும் வராத பதில் அது. நம் சாருக்குக் கை கால் ஓடவில்லை. கேமராவும் படிவமும் விதியும் தலையை விட்டே போய்விட்டன. "வா, வந்து வரைஞ்சு காட்டு" என்று சாக்பீஸை அவள் கையில் திணித்தார்.

அவள் வரைந்தாள். பெட்டி, பெட்டிக்கு எதிரே இன்னொரு பெட்டி, நடுவில் கப்பி, மேலும் கீழுமாக அம்புகள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் குறுக்கே கேட்டான். அவனுக்கும் பதில் சொன்னாள். ஆறு நிமிடம். சார் மேசையில் சாய்ந்து நின்றதைத் தவிர ஒன்றுமே செய்யவில்லை. "சபாஷ்" என்று மட்டும் சொன்னார். மணி அடித்துச் செல்போனை எடுக்கப் போனபோதுதான் அவளுக்குப் படிவம் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

பயிற்சி மையத்து மேடம் வீடியோவைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதவிட நல்ல பாடம் இந்த வருஷம் நான் பாக்கல. ஆனா அனுப்ப முடியாது. அந்தப் பொண்ணு வீட்டுல கையெழுத்து வாங்குங்க, இல்லன்னா வேற எடுங்க. கையெழுத்து வரலன்னா இத அழிச்சிடணும், தெரியும்ல?"

வேறு எடுத்தார். அதே கேள்வியைக் கேட்டதும் வகுப்பு மொத்தமும் "மேலே போகும்" என்று கோஷம் போட்டது. யோசிக்க ஒருவருக்கும் எதுவும் மிச்சமில்லை. வேறு வகுப்பில், வேறு பாடத்தில் ஒன்று எடுத்தார். பிள்ளைகள் கேமராவைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டார்கள். மேடம் அதையும் பார்த்தார். "இது தேறாது சார். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி நேரம்.

அந்தப் பெண்ணிடம் மூன்று தடவை படிவம் கொடுத்து அனுப்பினார். மூன்றும் மடிப்புக் கலையாமல் வெறுமையாகவே திரும்பி வந்தன. "அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க சார்" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை.

"ஒரு கையெழுத்துதானே" என்றாள் மனைவி. "நம்ம வீட்டுப் பேனாவுல மை இல்லையா?"

அவர் முறைத்தார்.

"சும்மா சொன்னேங்க. மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க."

அவள் சும்மா சொன்னதுதான். ஆனால் அவள் அடுப்படிக்குப் போனதும் இவர் விரலால் மேசைமேல் ஒரு கோணல் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டார். அழிக்க வேண்டியதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வாரத்தில் நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். பஸ்ஸில் பார்த்தார், பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். அதில் மேசையில் சாய்ந்து நிற்கிறாரே ஒருவர், அவர் வாத்தியார். யார் பார்த்தாலும் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆளாகவே மிச்ச ஆயுளையும் இருந்துவிட வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து ஏங்கினார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்குப் போனார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அங்கேதான் வேலை என்று பள்ளிப் பதிவேட்டில் இருந்தது. தரைத்தளத்தின் பின்பக்கம் நீளமான அறை. ஒரு மூலையில் இஸ்திரி உருளைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. வெந்த துணியின் வாசனை. சுவர் முழுக்க அலமாரிகளில் வெள்ளை விரிப்புகள், வார்டு எண் எழுதிய அட்டைகளோடு. மியூட் ஒரு விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் எழுந்தவள், எங்கே நிற்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கை மடிப்பதை நிறுத்தவில்லை. விரிப்பின் நான்கு முனையும் பார்க்காமலே ஒன்றோடொன்று சேர்ந்தன.

"பாப்பா, அந்தத் தலையணை உறையெல்லாம் உள் ரூம்ல எண்ணி வை" என்று மகளை அனுப்பிவிட்டுச் சொன்னாள். "படிவத்துக்குத்தானே வந்திருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க சார். அவ அப்பா எங்கள தேடிட்டிருக்காரு. கிடைச்சா விட மாட்டாரு. அவ முகம் எங்கயும் இருக்கக் கூடாது."

"வெளிய போகாதும்மா. மார்க் போடுற மூணே பேர்தான் பாப்பாங்க. பூட்டி வைப்பாங்க."

"மூணு பேருக்குத் தெரிஞ்சது ரகசியமா சார்?"

 வேறு என்ன செய்வதென்று தெரியாமல் செல்போனை எடுத்தார். "கையெழுத்து போட வேணாம். சும்மா ஒரு தடவ பாருங்க."

சும்மா என்று அவர் சொன்னது சுத்தப் பொய். பார்த்தால் மனம் மாறும் என்ற நப்பாசை அவருக்கு இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "மேலதான் சார் போகும்" என்று குரல் கேட்டதும் திரையை முகத்தருகே கொண்டுபோனாள். மகள் பலகைக்கு வந்தாள், வரைந்தாள், அந்தப் பையனுக்குப் பதில் சொன்னாள். உருளைகளின் இரைச்சலில் பாதி கேட்டிருக்காது. செல்போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். கேட்டால் பார்க்க முடியவில்லை, பார்த்தால் கேட்க முடியவில்லை. இப்படியும் அப்படியுமாக மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"இங்க வந்ததுலேர்ந்து என்கிட்டகூட இவ்வளவு பேசினதில்ல" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தடவ போடுங்க சார்."

போட்டார். மூன்றாவது தடவை அவளே போட்டுக்கொண்டாள். பிறகு படிவத்தைக் கேட்டு வாங்கி, பேனாவையும் வாங்கிக்கொண்டாள். 

"ஒண்ணு கேக்குறேன். நான் கையெழுத்து போட்டா அவளுக்கு நல்லதா, உங்களுக்கு நல்லதா?"

பிள்ளையின் எதிர்காலம், தன்னம்பிக்கை என்று சொல்வதற்கு ஆயிரம் இருந்தன. பயிற்சி வகுப்பில் இரண்டு வருடம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

"எனக்குத்தாம்மா" என்றார். "இது இல்லன்னா எனக்கு வேலை இருக்காது."

அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடினாள்.

"என்னால முடியாது சார். மனசு வருது, கை வரல. என்னை மன்னிச்சிருங்க."

"இதுல மன்னிக்க என்ன இருக்கு" என்றார். உள்ளுக்குள் மன்னிக்கவே இல்லை. அவள் மீதும் கோபம், முகம் தெரியாத அந்த அப்பன் மீதும் கோபம், சாக்பீஸை நீட்டிய தன் கை மீது எல்லாவற்றையும்விடக் கோபம். "அழிச்சிடுறேன். உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிடுறேன்."

செல்போனை வாங்கினார். அழிக்கவா என்று திரை கேட்டது. கட்டைவிரல் மேலேயே நின்றது. அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. அவளுக்கும் இன்னொரு தடவை வேண்டியிருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் பாக்கவே இல்லையே சார்."

மியூட் உறைகளை எண்ணிவிட்டு வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அம்மா தலையாட்டினாள். சார் செல்போனை அவளிடம் கொடுத்தார்.

தன் முகத்தை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. திரையை விரலால் பெரிதாக்கிப் பலகையைத்தான் பார்த்தாள். நெற்றி சுருங்கிற்று.

"சார், தப்பு."

"எது?"

"கயிறு இழுக்குற அம்பு. லிஃப்ட் பக்கம் லிஃப்ட் எடை அளவுக்கே போட்டிருக்கேன். அந்தப் பக்கம் அதோட எடை அளவுக்கே போட்டிருக்கேன். மேல இழுக்குறதும் கீழ இழுக்குறதும் சமமா இருந்தா எதுவும் நகராதே. ஒரே கயிறுதானே, ரெண்டு பக்கமும் அம்பு ஒரே நீளம்தான் வரணும்."

சார் குனிந்து பார்த்தார். ஆமாம், தப்பு. நாற்பது தடவை பார்த்தவர் பலகையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் மேசையில் சாய்ந்து நிற்கும் ஆளையும் மட்டுமே பார்த்திருக்கிறார். தப்புக்கு சபாஷ் வேறு. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை முன்னைவிடப் பத்து மடங்காகிவிட்டது.

அதற்குள் அவள் அழித்துவிட்டாள். இரண்டு பெரியவர்களால் முடியாததை ஒரே தட்டில் முடித்துவிட்டுச் செல்போனை நீட்டினாள்.

"நாளைக்கு போர்டுல சரியா வரைஞ்சு காட்டவா சார்?"

"வரை. முதல் பீரியட்லயே வரை."

"அடுத்த வருஷம் பத்தாம் கிளாஸுக்கும் நீங்கதானே வருவீங்க?"

அம்மா சட்டென்று விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

தேறாது என்று மேடம் சொன்ன அந்த வீடியோ செல்போனில் இருந்தது. நாளைக்கு ஐந்து மணிக்குள் அதைத்தான் அனுப்பியாக வேண்டும்.

"இந்த வருஷம் முடியிற வரைக்கும் நான்தான்" என்றார் லிஃப்ட் சார்.

அவள் கேட்டது அது இல்லை. அது அவளுக்கும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, நோட்டைத் திறந்து, நாளைக்கு வரையப்போகும் லிஃப்டை வரையத் தொடங்கினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சார் அவள் பக்கத்தில் இருந்த இன்னொரு விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்து, "லிஃப்ட் பக்கத்து அம்ப இன்னும் கொஞ்சம் நீளமா போடு" என்றார்.