ஏற மறுத்த கண்ணாடி

காய்கறிச் சந்தையில் ஏலம் போடுகிறவருக்குக் குரல்தான் சொத்து. அவர் இந்தக் கோடியில் விலை சொன்னால் அந்தக் கோடியில் மூட்டை இறக்குகிறவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். வெண்கலம் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். அவருடைய உண்மையான பேர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஆள் பிழைத்துவிட்டார். "குரல் பழையபடி வராது. ஆனா பேசணும், பேசப் பேசத்தான் பழகும்" என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அவரும் பேசத்தான் பார்த்தார். வெளியூரில் இருக்கும் மகள் போன் பண்ணியபோது அவரே எடுத்து, "சாப்பிட்டியா கண்ணு?" என்றார். "யாரு பேசறது? அப்பாகிட்ட குடுங்க" என்றாள் மகள்.

போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனவர்தான். அன்றோடு வாய்க்குப் பூட்டு. மகள் அடுத்த பஸ்ஸிலேயே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தாரே தவிர வாய் திறக்கவில்லை. எல்லாம் தலையாட்டல், கைஜாடை. மிஞ்சிப்போனால் ஒரு சிலேட்டில் இரண்டு வார்த்தை.

தையல்கடை நடத்தும் அவர் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள். ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சமைத்து வைத்தாள். இதற்காவது கத்துவார் என்று ஒரு நப்பாசை. மனிதர் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து, தன் தட்டில் ஒரு சிட்டிகை, அவள் தட்டில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுச் சாப்பிட்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கார் கண்ணாடி வம்பு பண்ணியது. கடையிலிருந்து வரும் வழியில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். அவ்வளவுதான், திரும்ப ஏறவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வழி முழுக்க லாரி ஓடுகிற நெடுஞ்சாலை. தூசிக்காற்று தொண்டையில் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான்.

"மத்த கண்ணாடியெல்லாம் ஏறி இறங்குதாக்கா?"

"ஏறுதுப்பா."

"சாவியைப் போட்டு, அந்த சுவிட்சை அமுக்கிக் காதை வெச்சுக் கேளுங்க. கதவுக்குள்ள ஏதாவது சத்தம் வருதா?"

கேட்டாள். "டிக்குனு லேசா ஒரு சத்தம்."

"அப்ப கரண்டு வருது, பியூஸ் போகலை. மோட்டார்தான் சண்டித்தனம் பண்ணுது. உள்பக்கத்துப் பலகையைக் கழட்டிட்டு, ஒருத்தர் சுவிட்சை அமுக்கணும், ஒருத்தர் திருப்புளியோட பிடியால மோட்டாரைத் தட்டணும். அனேகமா ஏறிடும். ஏறினப்புறம் தப்பித்தவறிக்கூட இறக்கிடாதீங்க. நான் வந்து வேற மோட்டார் போட்டுத் தரேன்."

வாசலில் நின்ற காரில் அன்று மதியமே இருவரும் வேலையை ஆரம்பித்தார்கள். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருகுகளை அவர் விரல் நீட்டிக் காட்ட, அவள் கழற்றினாள். கோட்டுக்கு லைனிங் பிரிக்கிற பதத்தில் பலகையை ஓரம் ஓரமாக நெம்பி எடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்ததும் கதவின் வயிறு தெரிந்தது. ஒயரோடு தொங்கிய சுவிட்சைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சீட்டில் உட்கார்ந்தார். அவள் வெளியே மண்டியிட்டு, வலது கையைத் தோள்வரை கதவுக்குள் விட்டாள். கன்னம் கதவில் அழுந்த, முகம் தெருப்பக்கம் திரும்பிவிட்டது. அவர் ஸ்டியரிங்கில் தட்டினால் சுவிட்சை அமுக்குகிறார் என்று அர்த்தம். அப்படித்தான் பேசி, இல்லை, ஜாடை காட்டி வைத்திருந்தார்கள்.

அவர் தட்டி அமுக்கினார். அவள் மோட்டாரைத் தட்டினாள். டிக். இன்னொரு தடவை. டிக். கண்ணாடி அசையவில்லை.

"ஏதோ மாட்டியிருக்குங்க" என்று திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு விரல்களாலேயே துழாவினாள். கண்ணாடியைத் தூக்குகிற இரும்புக் கை, கம்பி, அதற்கு நடுவே ஓர் இடுக்கு. அங்கே விரலைக் கொடுத்தபடி, "ம், இப்ப அமுக்குங்க" என்றாள்.

அவர் அமுக்கவில்லை. அவள் விரல் எங்கே இருக்கிறது என்று கதவின் ஓட்டை வழியாக அவருக்குத் தெரிந்தது. இரும்புக் கை கிளம்பினால் விரல் நசுங்கிவிடும். இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஸ்டியரிங்கைப் படபடவென்று தட்டினார். சரி, அமுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னங்க நீங்க, நல்லா அழுத்துங்க. குடுங்க இப்படி" என்று இடது கையைப் பின்னால் நீட்டி, சுவிட்சைத் தேடிப் பிடித்தும்விட்டாள்.

"வேணாம்! கையை எடு!"

கரகரவென்று, காற்றும் மணலும் கலந்தாற்போல ஒரு குரல். அவள் கை தானாக வெளியே வந்தது. திரும்பிப் பார்க்கத்தான் நினைத்தாள். ஆனால் இப்போது திரும்பினால் அவர் வெட்கப்பட்டுப் பழையபடி சிலேட்டை எடுத்துவிடுவார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அது தெரியாதா? முகத்தைத் தெருப்பக்கமே வைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்கதான் தட்டணும்?" என்றாள், கோபம் மாதிரி, திருப்புளியோடு கையை மறுபடி உள்ளே விட்டபடி.

"கீழ" என்றது அந்தக் குரல்.

"கீழன்னா?"

"உருண்டையா... இருக்கும் பாரு. அது."

"இதுவா?"

"அதுக்கு இந்தப் பக்கம்."

உருண்டை எது என்று அவளுக்கு எப்போதோ தெரியும், முதலிலிருந்தே அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் கதவைத் தட்டினாள், கம்பியைத் தட்டினாள், ஒன்றுமே இல்லாத தகரத்தைத் தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் "இதுவா? இதுவா?" என்று கேட்டாள். அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நடுவில் இருமினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"ஊசியில நூல் கோக்கத் தெரியுது, இவ்ளோ பெரிய உருண்டை தெரியலியா உனக்கு?"

அவள் கண்ணீர் கன்னத்தில் இறங்கி, கதவில் பட்டு வழிந்தது. முந்தானையால் துடைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டாள்.

"தெரிஞ்சிடுச்சு. அமுக்குங்க" என்றாள்.

ஓங்கி ஒரு தட்டு. மோட்டார் கொர்ரென்று உறுமி, கண்ணாடி தயங்கித் தயங்கி மேலே ஏறி உச்சியில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் அவள் திரும்பினாள். அவர் அவளுடைய வலது கையை இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, கிரீஸ்தான் அப்பியிருந்தது. தன் துண்டால் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் வண்டியை மறித்தார். கண்ணாடியை இறக்கக் கூடாதே! அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் வாயெடுப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து அவர் குனிந்து, "தொண்டை டாக்டரைப் பாக்கணும். வண்டியை எங்க போடறது?" என்று கேட்டுவிட்டார். கேட்டபின் அவர் கை சீட்டு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

காவல்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இங்க இடமில்ல சார். பின்பக்கமா சுத்திப் போங்க, மரத்தடியில நிழல் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிடி தளர்ந்தது.

"நிழல் இருக்காம்" என்றார் மனைவியிடம்.

"கேட்டுதுங்க" என்று அவள் வண்டியைத் திருப்பினாள்.