அண்ணன் காருக்கு பாலிஷ்

அண்ணன் குணசேகரனின் கார் என் பாலிஷ் கடை வாசலில் வந்து நின்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயமெல்லாம் இல்லை, ஆத்திரம். ரெண்டு வருஷமாக என் மூஞ்சியில் முழிக்காத மனுஷன். திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு தினம் இதே ரோட்டில்தான் போவார். என் கடைப் பக்கம் அந்தத் தலை திரும்பியதே இல்லை.

முதலில் இறங்கியது அவர் மகள் இனியா.

"சித்தப்பா, வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம். காரை எப்படிப் பண்ணி வச்சிருக்காங்க பாருங்க."

பார்த்தேன். கறுப்பு பானெட் முழுக்க வட்டவட்டமாகக் கீறல். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் போயிருந்தது. எவனோ படுபாவி பாலிஷ் போடுகிற பஃபர் மெஷினை முழு ஸ்பீடில் வைத்து ஒரே இடத்தில் அமுக்கியிருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பெயிண்ட் எரிந்து தகரம் தெரிந்திருக்கும்.

"எந்தக் கிறுக்கன் செஞ்ச வேல இது?"

அண்ணன் இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தைல மரத்தைப் பார்த்துச் சொன்னார். "டவுன்ல குடுத்தேன்னு சொல்லு இனியா."

"பக்கத்துல தம்பி கடை இருக்கையில டவுனுக்கு ஓடுனா இப்படித்தான் ஆகும்னு சொல்லும்மா."

"முடியுமா, முடியாதான்னு மட்டும் கேளு."

"ஏன், ஒங்கப்பா வாயில என்ன கொழுக்கட்டையா?"

இனியா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் நாலடி தள்ளித்தான் நிக்கிறீங்க. நடுவுல நான் என்ன டெலிபோனா?"

எங்கள் சண்டை போர்வெல் தண்ணிச் சண்டை. அப்பா போட்ட போர், ரெண்டு பேருக்கும் பொது. அவர் மோட்டார் ரூமைப் பூட்டினார், நான் பூட்டை உடைத்தேன். தெருவே கூடி வேடிக்கை பார்க்க, "செத்தாலும் ஒன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தவன் நான்தான். மறுநாளே மனசு அடித்துக்கொண்டது. ஆனால் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை.

இனியா என் தோளில் வளர்ந்த பிள்ளை. பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். வெள்ளிக்கிழமை அவளுக்குத் தட்டு மாற்றுகிற சபையில், அப்பன்கூடப் பிறந்த சித்தப்பன் நான் இல்லாமல் எவன் எவனோ உட்கார்ந்திருப்பான் என்றால் எனக்குச் சோறு இறங்குமா? அந்தச் சபையில் எனக்கு ஓர் இடம் வேண்டும். அதற்கு அவர் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். காரைச் சாக்காக வைத்து அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நம்பினேன். கேட்கட்டும், கேட்கிறவரைக்கும் நானும் இளகப்போவதில்லை.

காரைக் கழுவித் துடைத்து, ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். மெஷின் பேடில் பாலிஷ் காம்பவுண்டைத் தொட்டு, மெஷினைப் போடாமலே பானெட்டில் தடவினேன். மெஷினைப் போட்டுவிட்டுத் தடவினால் சட்டையெல்லாம் தெறிக்கும். பிறகு குறைந்த ஸ்பீடில் ஆரம்பித்து, பேடைச் சாய்க்காமல், ஓரிடத்தில் நிற்கவிடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தேன். நடுநடுவே புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தேன்.

"ரொம்ப அமுக்குறான். எரிச்சிரப் போறான்னு சொல்லு," என்றார் அண்ணன்.

மெஷினை நிறுத்தினேன். "தொழில் தெரிஞ்சவங்க வந்து செய்யலாம்னு சொல்லும்மா. மெஷின் இந்தா இருக்கு."

இனியா போனை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் மெஷின் சத்தம் மட்டும்தான்.

மூன்று மணி நேரம். கீறல் போய், வெளுப்பு போய், கடைசியாக வாக்ஸைப் பூசி, மெத்தென்ற பேடால் ஓட்டி, துணியால் துடைத்தேன். பானெட்டில் கடைக் கூரையின் ஆணிகூடத் தெரிந்தது. அண்ணன் குனிந்து குனிந்து குறை தேடினார்.

"இங்கிட்டு ஒரு கறுப்பு விட்டுப்போயிருக்குன்னு சொல்லு."

"அது அவரு தலையோட நெழலுன்னு சொல்லு."

இனியாவுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. விறுக்கென்று சாவியை எடுத்தார். பிறகு இனியாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் என் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சித்தப்பா, வெள்ளிக்கிழமை காலையில..."

கூப்பிடத்தான் போகிறாள். வேட்டி எது, சட்டை எது என்றுகூட யோசித்துவிட்டேன், வெட்கங்கெட்டவன்.

"...கடையைச் சாத்தி, போர்டைக் கழட்டி வச்சிருங்க. மாப்பிள்ளை வீட்டு வேன் இந்த வழியாத்தான் வருது."

"என் கடை தொறந்திருந்தா அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

"போர்டுல செம்மல்னு ஒங்க பேரு இருக்கு. நீங்க சிங்கப்பூர்ல வேல பாக்குறதா அப்பா சொல்லிருக்காரு."

கையிலிருந்த துணியைச் சுவரில் அடித்தேன். இனியாவைத் தாண்டி அவர் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றேன். "ஏண்ணே, நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னைக் கப்பலேத்தி விட்டுட்டு வந்து, என்கிட்டயே காரத் தேய்ச்சு வாங்குறியே, வெக்கமா இல்ல ஒனக்கு? மனுஷனா நீயி?"

அவர் பின்வாங்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நீதானடா சொன்ன, செத்தாலும் என் வாசல மிதிக்க மாட்டேன்னு! ஊரே கேட்டுச்சுல்ல? பொண்ணுக்குச் சித்தப்பன் எங்கன்னு அவங்க கேக்குறாங்க. கூடப்பொறந்தவனோட வெட்டுக்குத்துன்னு சொன்னா எவன்டா பொண்ணு எடுப்பான்? செத்துட்டான்னு சொல்லிரலாம்னுதான் வாயத் தொறந்தேன். வரலடா. அந்த வார்த்தை என் வாயில வரல. அதான் சிங்கப்பூருன்னேன்."

கோபம் போய்விட்டதா என்றால் இல்லை, இவ்வளவு பாசத்தையும் இந்த மனுஷன் ரெண்டு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாரே என்று இன்னும் கூடியது. இனியா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் சிங்கப்பூரு போயி எத்தன வருஷம் ஆச்சுன்னு சொல்லி வச்சிருக்க?" என்றேன்.

"ரெண்டு."

"ரெண்டு வருஷம் மாடா ஒழைச்சவனுக்கு, அண்ணன் மக நிச்சயத்துக்கு எவன்ணே லீவு குடுக்காம இருப்பான்?"

அவர் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். வண்டியைக் கிளப்பியவர், கண்ணாடியை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்து முறைத்தார்.

"வியாழக்கிழமையே முடிய வெட்டிரு. சிங்கப்பூர்லருந்து எறங்குறவன் இந்தப் பரட்டத் தலையோடவா எறங்குவான்?"