முப்பத்தெட்டாவது நிமிடம்

அந்த வீட்டின் பெரிய மருமகள் பதினோரு வருடமாக ஒரு போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். போனை இயக்குகிற அடிப்படை மென்பொருளில், வெளியில் இருந்து ஆப் எழுதுகிறவர்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுக்கும் பிரிவு அவளுடையது. யாரோ எழுதிய ஆப் திடீரென்று நின்று போனால், அது ஏன் நின்றது என்று எழுதியவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி செய்து தருவதுதான் அவள் பிழைப்பு. கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்ததுதான் வினை.

அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, மேல்மாடியில் இருந்தாள். எந்தக் கம்பெனியிலும் சேராமல் வீட்டிலேயே உட்கார்ந்து சொந்தமாக ஆப் எழுதுபவள். மாமியாருக்குக் காது முக்கால்வாசி போன பிறகு அவருக்காகவே ஒரு ஆப் எழுதினாள். வாசல் மணி அடித்தாலோ, சமையலறைப் புகைமணி கத்தினாலோ போன் அதைக் கேட்டுவிடும். மாமியாரின் மணிக்கட்டில் இருக்கும் பட்டை அதிரும். மாமியார் அந்தப் பட்டையைத் தங்க வளையல் மாதிரி வருவோர் போவோருக்கெல்லாம் நீட்டிக் காட்டினார்.

"சின்னவ செஞ்சு குடுத்தா. காது திரும்பி வந்த மாதிரி இருக்கு."

பெரியவளும் பக்கத்தில் நின்று சிரித்துவைப்பாள். அந்தப் பட்டை அதிர்வதற்குப் போனுக்குள் இருக்கும் அத்தனையையும் கட்டிக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் மட்டும் எப்படி விளக்குவது? அஸ்திவாரத்தை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

இதெல்லாம் வீட்டோடு இருந்தவரை பொறுத்துக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை அது ஆபீசுக்கும் வந்து சேர்ந்தது.

அவர்கள் பிரிவின் தலைவருக்கு 'மைல்கல்' என்று பட்டப்பெயர். எதை முடித்தாலும் "இது நமக்கு ஒரு மைல்கல்" என்பார். அன்று மீட்டிங்கில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியில் ஆப் எழுதும் ஒருவர், புதிய வெர்ஷனைச் சோதித்துவிட்டு அனுப்பிய கடிதம் என்றார். பேட்டரியை மிச்சம் பிடிக்க, பயன்பாட்டில் இல்லாத ஆப்களைப் போனே தூங்க வைத்துவிடும் வசதி அந்த வெர்ஷனில் வந்திருந்தது.

மைல்கல் வாசித்தார்: "என் ஆப்பை நீங்கள் தூங்க வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. எப்போது, எதற்காகத் தூங்க வைத்தீர்கள் என்று சொல்லாமல் தூங்க வைப்பதுதான் வருத்தம். அதைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு கொடுங்கள்."

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாருங்க. இப்படி ஒரு ஆள் நம்மகிட்ட இல்லையே."

அதே கடிதம் சுவர்த் திரையிலும் தெரிந்தது. அதன் அடியில் இருந்த பெயரைப் பெரியவள் பார்த்தாள். ஓரகத்தியின் பெயர்.

"சார், இதே பதிவேட்டை நான் ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டேன். யாருக்கு வேணும் இதுன்னு நீங்கதான் தள்ளிட்டீங்க."

"கேட்டீங்களா? இருக்கும்." அவர் நிஜமாகவே மறந்திருந்தார். "ஆனா இவங்க சொல்லும்போதுதான் புரியுது."

நாற்பது பேர் இருந்த அறையில் அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. அந்தப் பெண் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள் என்று மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

கடிதத்தோடு ஒரு பிழை அறிக்கையும் வந்திருந்தது. 'இந்த ஆப்பைத் தூங்க வைக்காதே' என்று போனுக்கு உரிமையாளரே அனுமதி கொடுத்திருந்தாலும், போன் அசையாமல் கவிழ்ந்து கிடந்தால் புதிய வெர்ஷன் அதையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடுகிறது என்பது புகார். சரிபார்க்கும் வேலை அவளிடமே வந்தது.

ஓரகத்தியின் ஆப்பை ஏற்றி, பட்டை ஒன்றையும் இணைத்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டாவது நிமிடம் ஆப் அடங்கியது. மணியை அடித்துப் பார்த்தாள், பட்டை அசையவில்லை. சாப்பிட்டு வந்து இன்னொரு போனில் பார்த்தாள். அதே முப்பத்தெட்டாவது நிமிடம். எழுத்துக்கு எழுத்து ஓரகத்தி சொன்னபடியே.

அவள் மட்டும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பாக இருந்திருக்கக் கூடாதா?

கை தானாக டைப் செய்தது: 'மூன்று போன்களில் சோதித்தோம். இந்தப் பிழை தென்படவில்லை. அறிக்கை மூடப்படுகிறது.' பிழையே இல்லை என்று ஆனபின் பதிவேடும் அவசரமில்லை என்று ஒதுங்கியது. அன்று சாயந்திரம் மாடிப்படியில் எதிரே வந்த ஓரகத்தியிடம், வழக்கத்தைவிட நன்றாகவே பேசினாள்.

புதிய வெர்ஷன் எல்லாப் போன்களுக்கும் போய் ஐந்து வாரம் இருக்கும். ஒரு முற்பகலில் அண்டை வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன் செய்தார். ஓரகத்தி கடைக்குப் போயிருந்த நேரம்; போன் மேசையில் கவிழ்ந்து கிடக்க, மாமியார் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எண்ணெயில் தீப்பிடித்து, திரைச்சீலையும் பற்றியிருக்கிறது. புகைமணி தெருவரைக்கும் கத்தியும் மாமியாரின் மணிக்கட்டில் ஒரு அதிர்வும் இல்லை. பக்கத்து வீட்டார் கதவை உடைத்து உள்ளே போவதற்குள், நாற்றம் உணர்ந்து வந்த மாமியார் ஈரத்துணியால் அணைக்கப் பார்த்து இரண்டு கையையும் சுட்டுக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது டாக்டர் கட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்போடு ஓரகத்தி வரி வரியாகத் தன் ஆப்பின் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கோடுலதான் எங்கேயோ ஓட்டைக்கா. எவ்வளவு தேடியும் கிடைக்கல."

"போன்லயே தப்பு இருக்கலாம்ல?"

"நானும் அப்படி நினைச்சுத்தான் எழுதிக் கேட்டேன். மூணு போன்ல பாத்தோம், தென்படலைன்னு உங்க ஆபீஸ்லயே பதில் போட்டாங்க. பொய்யா சொல்லுவாங்க?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலாயிரம் பேர் என் ஆப்பை நம்பி இருக்காங்கக்கா. எல்லாரும் காது கேக்காதவங்க. இன்னிக்கே எடுத்துடறேன். நமக்கு இந்த வேலை லாயக்கில்ல."

இந்தக் கடைசி வார்த்தைக்காகப் பெரியவள் எத்தனையோ நாள் உள்ளுக்குள் ஏங்கியிருந்தாள். இப்போது காதில் விழுந்ததும், கண நேரம், மிகச் சின்னதாக, ஒரு குளிர்ச்சி வரத்தான் செய்தது. அடுத்த நொடி தன்னைக் கண்டே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"எடுக்காதே," என்றாள். "உன் கோடு சரியாத்தான் இருக்கு. அந்தப் பதிலை எழுதினது நான். ரெண்டு போன்லதான் பாத்தேன். ரெண்டுலயும் நீ சொன்னபடியே தூங்கிச்சு."

ஓரகத்திக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்புறம் ஏன்க்கா?"

"உன்னை எல்லாரும் புகழ்றதைத் தாங்க முடியல."

ஓரகத்தி திட்டவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "அத்தை எழுந்ததும் அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மாமியாருக்குக் கத்திச் சொல்ல முடியாத விஷயம். தாளில் எழுதிக் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"சின்னவகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இங்க ஏன் நிக்கறே? மேல போ."

போனாள். கதவு திறக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலை அறிக்கையைத் திரும்பத் திறந்து, நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தாள். மைல்கல் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"காரணம்னு போட்டு 'பொறாமை'ன்னு எழுதியிருக்கீங்க. அப்படியெல்லாம் அறிக்கையில எழுதக் கூடாது."

"வேற காரணம் இல்ல சார்."

அதுவரை அவள் கவனித்துவந்த குழுவின் பொறுப்பு கையை விட்டுப் போனது. தன்னைவிட எட்டு வயது சின்னவரின் கீழ் உட்கார வைத்தார்கள். பிழை பத்தே நாளில் சரியானது. பதிவேட்டை எழுதும் வேலையை அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்த ஆப்பை, எத்தனை மணிக்கு, என்ன காரணத்துக்காகப் போன் தூங்க வைத்தது என்பதை ஒன்று விடாமல் காட்டும் பதிவேடு. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து எழுதினாள். புதிய வெர்ஷனோடு வரும் வெளியீட்டுக் குறிப்பில் நன்றி என்று ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அது அவள் பெயரல்ல, ஓரகத்தியின் பெயர். படித்தபோது வலித்தது. வலிக்காது என்று அவளும் நினைத்திருக்கவில்லை.

அதுவரை ஓரகத்தி கீழே வந்தால் மாமியாரோடு பேசுவாள், கைக்கட்டு மாற்றுவாள், போய்விடுவாள். பதிவேட்டைச் சோதித்த முடிவுகளை மட்டும் ஆபீஸ் முகவரிக்கு, 'மதிப்பிற்குரிய குழுவினருக்கு' என்று தொடங்கி எழுதுவாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதிவேட்டுல இந்த நாலாவது வரிசை எதுக்குன்னு எனக்குப் புரியல."

அக்கா என்று கூப்பிடவில்லை. பெரியவள் விளக்கினாள். கேட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி, தூங்கிய பிறகு பதிவதைவிட, தூங்க வைக்கப் போவதற்கு ஒரு நிமிடம் முன்பே ஆப்புக்குத் தகவல் கொடுத்தால் என்ன என்றாள். பதினோரு வருடத்தில் பெரியவளுக்குத் தோன்றாத யோசனை. வயிற்றுக்குள் அந்தப் பழைய சூடு எழும்பி வந்தது. எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நல்ல யோசனை," என்றாள். "எழுதி அனுப்பு. நாளைக்கு மீட்டிங்ல நானே வாசிக்கறேன்."