மாநிலத்துக்கு ஒரு கல்யாணம்

1907-ல், நாற்பத்தைந்து மாநிலங்கள் இருந்த அமெரிக்காவில் நாற்பத்தாறாவதாகப் போய் ஒட்டிக்கொள்வதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. செரோக்கி சனங்களான நாங்களும் மற்றப் பழங்குடிகளும் சேர்ந்து, எங்கள் பகுதியைத் தனி மாநிலமாக்கித் தாருங்கள் என்று ஓட்டுப் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினோம். யார் காதில் விழுந்தது? மேற்கே வெள்ளைக்காரர்கள் வந்து நிறைந்த ஓக்லஹோமாவோடு எங்களையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். முடிச்சு என்று சும்மா சொல்லவில்லை. ஓக்லஹோமா மாப்பிள்ளையாம், எங்கள் பகுதி பெண்ணாம். புது மாநிலத்தின் தலைநகரில் இப்படி ஒரு நாடகக் கல்யாணம் நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, எங்கள் ஊர் விழாக் கமிட்டிக்கும் ஆசை வந்துவிட்டது.

பெண்ணாக நிற்க என் தங்கை ஐல்சியைக் கேட்டார்கள். எங்கள் செரோக்கி அரசு நடத்திய பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். அந்தப் பள்ளிக்கூடம் இனிப் புது மாநிலத்தின் கைக்குப் போகிறது. அதற்கு அதிகாரியாக வரப்போகிற பெம்பர்டன்தான் விழாக் கமிட்டிக்கும் தலைவர். ஐல்சி இருக்கிற நேரம் பார்த்து என் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார். பீன்ஸ் போட்ட சோள ரொட்டியை மோந்து பார்த்து, அப்படியே தள்ளி வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"கல்யாணமான பொம்பளைக்கு இனிமே டீச்சர் வேலை கிடையாதும்மா. எங்க பள்ளிக்கூடக் கமிட்டியோட சட்டம்."

"எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சே," என்றாள் ஐல்சி.

"காகிதம் இருக்கா?"

காகிதம் ஏது? எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை மான்கறி கொண்டுவந்து பெண் கையில் கொடுப்பான். உன்னைப் பட்டினி போடமாட்டேன் என்று அர்த்தம். பெண் அவனுக்குச் சோளக்கதிர் கொடுப்பாள். நாலு பேர் பார்த்தால் போதும், முடிந்தது கல்யாணம். வாட்டும் ஐல்சியும் அப்படித்தான் கட்டிக்கொண்டார்கள்.

"காகிதம் இல்லேன்னா கல்யாணமும் இல்ல. விழாவுல பொண்ணா வந்து நில்லு. எல்லாரும் உன்னைக் கன்னிப்பொண்ணுன்னே நெனச்சுக்குவாங்க. வேலையும் தங்கும்," என்றார், ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவர் போல.

அவர் தலை மறைந்ததும் ஐல்சி பொங்கினாள். "அந்தாளு மூஞ்சியில கொதிக்கிற சூப்பை ஊத்தியிருக்கணும்க்கா."

"ஊத்து. நாளைக்கு எதைக் குடிப்ப? உன் புருஷன் காலு நொண்டியானதுலேருந்து மரம் அறுக்கிற மில்லுல அவனைச் சேக்க மாட்டேங்கறான். உன் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. வாயை மூடிக்கிட்டுப் போய் நில்லு. நாடகந்தானே?"

மூலையில் வாட் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அந்த நாடகத்துல நான் யாரு மதினி?" என்றான்.

"கூட்டத்துல ஒருத்தன்," என்றேன். என் நாக்கில்தான் சனி குடியிருக்கிறதே.

மறுநாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே மலைப்பக்கம் போய்விட்டான். விழா நாள் வரை திரும்பவில்லை. எங்கள் ஆண்கள் பெண்டாட்டியை விட்டு ஒரேயடியாகப் போனால் துணிமணியையும் கட்டிக்கொண்டு போவார்கள். அவன் சட்டை ஆணியிலேயே தொங்கியது. அதைப் பார்த்துத்தான் ஐல்சி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விழாவன்று கடைத்தெரு நடுவில் மேடை. மாப்பிள்ளை, இரும்புக்கடை டார்வர். குதிரைப் பக்கமே போகாதவன், பூட்ஸில் குதிமுள் மாட்டிக்கொண்டு ஜல்ஜல் என்று வந்தான். ஐல்சிக்கு வெள்ளைப் பட்டு கவுன். செரோக்கிக் களை வேண்டும் என்று பெம்பர்டன் தன் கையாலேயே ஒரு சோளக்கதிரை அவளிடம் கொடுத்தார். பின்னால் நின்ற எங்கள் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாதிரியார், "இந்தப் பெண்ணை ஏற்கிறாயா?" என்று டார்வரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கூட்டம் விலகியது. வாட் வந்தான். சேறு படிந்த முகம், தோளில் ஒரு மான்கால். படியைப் பிடித்துப் பிடித்து மேடையேறினான்.

"முன்ன மாதிரி மான் இல்ல புள்ள. அலைஞ்சு அலைஞ்சு இது ஒண்ணுதான் ஆப்பிட்டுச்சு. அதுவும் நோஞ்சான்," என்றான்.

வெள்ளைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். இதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். ஐல்சி என்னைப் பார்த்தாள். வாங்காதே என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்? அடுப்புதான் என் கண்ணில் தெரிந்தது.

அவள் மான்காலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கதிரை அவன் கையில் வைத்தாள். எங்கள் சனங்களில் ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். டார்வர் தன் உடையில் ரத்தம் படாமல் ஒதுங்கி நின்றான். "நீங்க மேல சொல்லுங்க ஐயா," என்று பாதிரியாரிடம் சொன்னாள் ஐல்சி. அவர் பாக்கியையும் சொல்லி முடித்தார். கொடி ஏறியது, மாநிலம் பிறந்தது.

பெம்பர்டன் வாயெல்லாம் பல்லாக வந்தார். "பிரமாதம்! மானோட வந்த அந்த நொண்டி யாரு? உங்க யோசனையா?"

அந்த மனிதருக்கு ஒன்றுமே புரியவில்லை. கடவுளே, இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை பிழைத்துவிடும் என்று வேண்டிக்கொண்டேன்.

"என் புருஷன்," என்றாள் ஐல்சி. "எங்க கல்யாணம் இப்பதான் மறுபடி நடந்துச்சு. ஊரே பாத்துச்சு. கதிரு நீங்க குடுத்தது. கையும் தட்டினீங்க."

திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

"திட்டுக்கா," என்றாள்.

"திட்டத் தெம்பு இல்லடி. சாப்பிடு."

மான்காலை வேகவைத்து மூன்று பேருக்கும் போட்டிருந்தேன். எவ்வளவு கொதித்தும் கறி நார்நாராகத்தான் இருந்தது. வாட் தன் தட்டில் இருந்த பெரிய துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.