கடைசிப் பந்தி

இனிப்பு இரண்டா மூன்றா என்ற கேள்வியில் பிரியதர்ஷினியின் கல்யாணம் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தபோதுதான் அக்கா தேவிப்ரியாவின் கைபேசிக்கு அந்தச் செய்தி வந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்னறையில் தறியைத் துணி போட்டு மூடிவிட்டு, அப்பா வேலாயுதம் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே சமையல்காரர் துரைக்கண்ணு. ஜாங்கிரியும் பாதுஷாவும் போதும், அதற்கு மேல் லட்டும் வைத்தால் தொட ஆளிருக்காது என்று துரைக்கண்ணுவே சொல்லிப் பார்த்தார். தன் வரும்படிக்குத் தானே குறுக்கே விழுகிற சமையல்காரரை தேவிப்ரியா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"வைப்பா. கேட்டு இல்லன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது," என்றார் வேலாயுதம்.

செய்தி, அவள் உறுப்பினராக இருந்த அரசுக் குழுவின் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. சாப்பாட்டுக் கழிவை அளக்கக் குலுக்கலில் எடுத்த மண்டபங்களில் காஞ்சிபுரத்துக்கு விழுந்தது ஓரிக்கை சாலையில் தங்கையின் கல்யாணத்துக்குப் பிடித்திருந்த அதே மண்டபம். தேதியைப் பார்த்தாள். தங்கையின் முகூர்த்த நாள்.

தேவிப்ரியா சென்னையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். கழிவைக் குறைப்பது பற்றி ஆலோசனை சொல்ல மாநில அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தபோது அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் அரசு ஊழியர் கிடையாது, கட்சிக்காரர் கிடையாது, குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர் கிடையாது. அதனால் கொஞ்சம் மரியாதை உண்டு. அதிகாரம் மட்டும் துளியும் இல்லை. சொல்வது குழுவின் வேலை. கேட்பதும், கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் அரசாங்கத்தின் சௌகரியம். முதல் ஆலோசனையே கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியது என்பதால் மண்டபக்காரர்கள் கொதித்துப்போனார்கள். நாற்காலியில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்றார்கள். அப்படியானால் அளந்து காட்டுங்கள் என்றது அரசு. அளக்கும் விதிகளை எழுதியது தேவிப்ரியாதான். குலுக்கலில் விழுந்த மண்டபத்துக்கு விலக்கு கிடையாது. அளக்கிற இடத்தில் குழு உறுப்பினர் யாரும் வாய் திறக்கக் கூடாது. போன மாதம் வேறொரு ஊரில் கட்சிப் பிரமுகர் ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்தை விட்டுவிடும்படி ஆள் அனுப்பியபோது, முடியாது என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

கொல்லைப்பக்கம் போய்க் குழுத் தலைவர் மாணிக்கவேலைக் கைபேசியில் கூப்பிட்டாள். ஓய்வு பெற்ற பொறியாளர், அதிர்ந்து பேசாதவர்.

"உங்க வீட்டுக் கல்யாணம்னா எடுத்துடலாம்மா. யாரும் கேட்க மாட்டாங்க. அந்தப் பிரமுகர் மட்டும் கேட்பார்," என்றார். பிறகு, முடிவை அவளே சொல்லட்டும் என்று வைத்துவிட்டார்.

துரைக்கண்ணு கிளம்பிப் போனதும் அப்பாவிடம் சொன்னாள். எச்சில் இலையை நிறுத்துப் பார்ப்பது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பின் மூடியிருந்த தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் கல்யாணத்துல கடைசி பந்தியில நானும்தான் ஒக்காந்துக்கினு இருந்தேன்," என்றார். "பக்கத்துல ஒன் மாமனாரு. ரசத்துக்கு சாதம் கேட்டாரு. வரல. நானும் கேட்டுப் பாத்தேன். குண்டான சொரண்டற சத்தந்தான் வந்துது. அவரு ஒண்ணியும் பேசாம மோர குடிச்சிட்டு எந்திரிச்சாரு. நானும் எந்திரிச்சேன்."

தேவிப்ரியாவுக்குச் சாதம் குறைந்த கதை தெரியும். புகுந்த வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவும் அந்த வரிசையில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் சிரித்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வாணாம்னு சொன்னா ஒனக்கு கெட்ட பேராமா?"

"எனக்குன்னு இல்லப்பா. அப்புறம் குழு சொல்றத யாரும் நம்ப மாட்டாங்க."

"அதுக்குப் பேருதான் கெட்ட பேரு." வேலாயுதம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நிறுத்துக்கோங்க. ஆனா தராசு பின்கட்டுல இருக்கணும். சம்பந்தி வீட்டு மனுஷாளு கண்ணுல படக்கூடாது."

அதற்கு ஒப்புக்கொண்டாள். விதிகளில் இன்னொரு வரியும் இருந்தது. சாப்பிட்டவர்கள் இலையை மடிக்காமல் விட வேண்டும். மடித்தால் ரசமும் பாயசமும் கலந்து, எது எவ்வளவு மிஞ்சியது என்று பிரிக்க முடியாது. சென்னையில் மேசை முன் உட்கார்ந்து எழுதியபோது அது சாதாரண வரியாகத்தான் தெரிந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தபோது தேவிப்ரியா மேடையில் தங்கைக்கு மாலை சரிசெய்துகொண்டிருந்தாள். கீழே சாப்பாட்டுக் கூடத்தில், அளக்க வந்த கமல் ஒவ்வொருவரிடமாகக் குனிந்து, "இலைய மடிக்க வேணாம் சார், அப்படியே விடுங்க," என்று பணிவாகச் சொல்லிக்கொண்டு போனான். மண்டபத்து ஆள் போலிருக்கிறது என்று எல்லாரும் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். பந்தி விசாரிக்க வந்த வேலாயுதம் வாசலிலேயே நின்றுவிட்டார். இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரைக்கும் இலைகள் திறந்து கிடந்தன. ஏதோ சண்டை வந்து பாதியில் எழுந்து போன பந்தி மாதிரி இருந்தது.

தேவிப்ரியா இறங்கி வருவதற்குள் மாப்பிள்ளை யுவனின் அத்தை கங்கையம்மாள் அங்கே வந்திருந்தார். தாயில்லாத யுவனை வளர்த்தவர். சின்ன காஞ்சிபுரத்தில் அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். சத்தமாகக்கூட அவர் பேசவில்லை.

"ஒறவு நெலைக்கணும்னுதான் இலைய நம்ம பக்கமா மடிக்கறோம். மடிக்காதன்னு பொண்ணு வீட்டுல சொல்லி இன்னிக்கித்தான் கேக்கறேன். நான் இன்னும் சாப்புடல சம்பந்தி. கடைசி பந்தியில ஒங்களோட ஒக்காந்துக்கறேன். நீங்க இன்னா பண்றீங்களோ அதையே நானும் பண்றேன்."

அவர் போன பிறகு வேலாயுதம் மகளைப் பார்த்தார். "யாரு சொல்லச் சொன்னது?"

"நான்தான்பா எழுதினேன். இப்படி ஆவும்னு யோசிக்கல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. பக்கத்து இலையைக் குனிந்து பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். சில இலைகள் வழித்துச் சாப்பிட்டுச் சுத்தமாக இருந்தன. பெரும்பாலானவற்றில் ஓரமாக லட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. எத்தனையோ கல்யாணங்களில் பந்தி விசாரித்தவர், மடித்த இலைகளை மட்டுமே இதுவரை பார்த்திருந்தார்.

"லட்டு," என்றார். சமையல் கட்டுக்குப் போய், அடுத்த பந்திக்கும் சாதம் இருக்கிறதா என்று துரைக்கண்ணுவிடம் கேட்டுவிட்டு வந்தார்.

தேவிப்ரியா பின்கட்டுக்குப் போனாள். கமல் கையுறை போட்டுக்கொண்டு தராசின் முன் நின்றிருந்தான்.

"கடைசி பந்திய மட்டும் விட்டுடலாமா கமல்?"

கமல் தர்மசங்கடத்தோடு தரையைப் பார்த்தான். "ஒரு பந்தி போச்சுன்னா காஞ்சிபுரத்தையே கணக்குல சேக்க முடியாது மேடம். அப்புறம், நீங்க இங்க எதுவும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

எழுதியதுதான். நன்றாகவே எழுதியிருந்தாள். தான் போட்ட விதியில் தானே ஓட்டை தேடுவது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அந்தப் பக்கம் குழுவின் வார்த்தை. இந்தப் பக்கம் தங்கை நாளை முதல் கங்கையம்மாளோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறாள். எதை விட்டாலும் அவளுக்கு மனசு ஆறாது.

கடைசிப் பந்தியில் வேலாயுதம் நடுவில் உட்கார்ந்தார். வலப்பக்கம் கங்கையம்மாள், இடப்பக்கம் தேவிப்ரியா. அவர்களுக்கு அப்பால் இரண்டு வீட்டு உறவுகளும் வரிசையாக. கங்கையம்மாள் சொன்னது அதற்குள் பரவியிருந்தது. அவர் மடித்தால் வரிசை முழுதும் மடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கமலுக்கும். சாம்பார் வந்தது, வத்தக்குழம்பு வந்தது, ரசம் வந்தது. லட்டுத் தட்டு வந்தபோது வேலாயுதம் கையைக் குறுக்கே நீட்டி வேண்டாம் என்றார். கங்கையம்மாள் அதைக் கவனித்துவிட்டுத் தானும் வேண்டாம் என்றார்.

மோரும் முடிந்தது. மூன்று இலைகளும் காலியாக இருந்தன. கமல் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு தூணோரம் நின்றான். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரிசையில் மற்றவர் எழுவதில்லை. எல்லாரும் முடித்தாயிற்று, இனி எழ வேண்டியதுதான். கங்கையம்மாளின் கண் வேலாயுதத்தின் கையில் இருந்தது.

வேலாயுதம் இடது கையை இலையின் மேல் விளிம்பில் வைத்தார். விரல்கள் அதைச் சற்றே தூக்கின. அப்படியே மகளைத் திரும்பிப் பார்த்தார். எதைச் செய்யச் சொல்லிக் கண் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடிங்கப்பா என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

அவர் விரலை எடுத்துவிட்டார். தலையை நிமிர்த்திப் பரிமாறுகிறவனைப் பார்த்தார்.

"ரசத்துக்கு கொஞ்சம் சாதம் போடுப்பா."

வரிசை அவரைத் திரும்பிப் பார்த்தது. மோர் சாப்பிட்ட பிறகு யாரும் ரசத்துக்குச் சாதம் கேட்பதில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆள் திரும்பி வருகிற வரைக்கும் அவர் காலி இலையைப் பார்த்தபடி காத்திருந்தார். தேவிப்ரியாவும் காத்திருந்தாள்.

சாதம் வந்தது. குவித்துப் போட்டான். சூடாக, ஆவியோடு.

வேலாயுதம் நடுவில் குழி பறித்து ரசம் வாங்கி, அவசரமில்லாமல் பிசைய ஆரம்பித்தார். கங்கையம்மாள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இலையை முன்னால் இழுத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு கரண்டி போடு," என்றார்.

தேவிப்ரியாவும் தன் இலையைக் காட்டிச் சாதம் கேட்டாள். தூணோரம் நின்ற கமல் கூடையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.