கொழுந்தன் போட்ட லினக்ஸ்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். என் மகளின் ஆண்டுவிழாப் படம் வர வேண்டிய இடத்தில் கத்திரிக்காய் நிறத்தில் வெறும் திரை வந்து நின்றது. திரையின் இடதுபக்கம் நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்த கிரயம், ஒத்தி, தானம், உயில், வாடகை ஒப்பந்தம் என்ற ஐந்து மஞ்சள் உறைகளில் ஒன்றையும் காணோம். வேறு யாருடைய கடையையோ திறந்துவிட்டேனா என்று ஒரு நொடி தோன்றியது. வெளியே பெஞ்சில், அச்சன்புதூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த ஆவுடைத்தாய் ஆச்சி, முத்திரைத்தாள் வைத்த மஞ்சப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினொன்று இருபதுக்குப் பத்திர ஆபீஸில் டோக்கன்.

பத்திர ஆபீஸ் தெருவில் எதிர்வரிசையில் ஐந்தாவது கடை என்னுடையது. வெளியில் போர்டில் 'நிலோபர் டைப்பிங் - ஜெராக்ஸ்' என்று இருக்கும். பன்னிரண்டு வருடமாக நடத்துகிறேன். என் கணவர் யாசர் அரபு நாட்டில், தம்மாமில் இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் "கடை எதுக்கு, நாந்தான் அனுப்புதேன்லா" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் விமானம் ஏற மாட்டார். அவருக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. தினமும் கடையைத் திறப்பதே பதில் என்று இருந்தேன்.

இந்தத் தெருவில் யாரும் பத்திரத்தைப் புதிதாக அடிப்பதில்லை. பழையது ஒன்றைத் திறந்து, பேரை மாற்றி, சர்வே நம்பரை மாற்றி, நான்கு எல்லையை மாற்றி, வேறு பேரில் சேமித்துக்கொள்வோம். எந்தக் குடும்பத்து வீட்டுக்கு வடக்கே யார் கிணறு, எந்த வயலுக்குத் தெற்கே எந்த ஓடை என்பதெல்லாம் அந்த ஐந்து மஞ்சள் உறைகளுக்குள் இருந்தது. பத்திர எழுத்தர் சங்கரபாண்டி அண்ணாச்சி என்னிடமே வந்துகொண்டிருந்ததற்கு என் முகராசி காரணமில்லை. "போன தடவ உங்க அப்பா பத்திரம் நான்தான் அடிச்சேன்" என்று என்னால் பாதித் தெருவிடம் சொல்ல முடியும், அதுதான் காரணம். ஆவுடைத்தாய் ஆச்சி வீட்டை இளைய மகளுக்கு எழுதிக்கொடுக்கும் தானப் பத்திரத்தைச் சனிக்கிழமையே அடித்து, அண்ணாச்சி படித்துப் பார்த்து, சரி என்றும் சொல்லியாகிவிட்டது. முத்திரைத்தாளில் அச்செடுப்பது மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். என் கொழுந்தன் முஃபீத் மட்டும் வரவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சீசனுக்கு லீவு போட்டு வந்திருந்தான். "மைனி, ஒரு மீட்டிங் இருக்கு. வீட்ல நெட் சரியில்ல, கடைச் சாவி தாங்க" என்று கேட்டான். கொடுத்தேன். அருவியில் மாமியின், அதாவது யாசரின் உம்மாவின், கையைப் பிடித்துக்கொண்டு நான் நனைந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் என் கடையில் உட்கார்ந்து என் பன்னிரண்டு வருடத்தை அழித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான். தூக்கக் குரல்.

"மைனி! சர்ப்ரைஸ் எப்படி இருக்கு? லினக்ஸ். விண்டோஸ எடுத்துட்டேன், இது எல்லாருக்கும் இலவசம். இனிமே நீங்க யாருக்கும் அடிமை இல்ல."

"நேத்து வரைக்கும் நான் யாருக்குலே அடிமையா இருந்தேன்?"

சிரித்தான். நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல. பத்து நிமிடத்தில் பைக்கில் வந்து இறங்கினான். வந்ததும் என்னைக் கேட்காமல் என் நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபைல் ஒன்றையும் அழிக்கவில்லை, எல்லாவற்றையும் பத்திரமாகக் காப்பி எடுத்துப் போட்டிருக்கிறேன் என்று திறந்து காட்டினான். இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் ஆச்சியின் பத்திரம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் குறியுமாகக் கிடந்தது. நான் அடித்தது பழைய காலத்துத் தமிழ் எழுத்துருவில். அதைக் காசு கொடுத்து வாங்கியபோது கம்ப்யூட்டரின் முதுகில் செருகிக்கொள்ள ஒரு சின்னப் பூட்டும் கொடுத்தார்கள். அந்தப் பூட்டு இருந்தால்தான் எழுத்து வரும். அதுவும் விண்டோஸில் மட்டும். விற்ற கம்பெனி மூடி ஏழு வருடம். சிடி எப்போதோ உடைந்துபோயிற்று. யாரும் கை வைக்காததால் மட்டுமே அது ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த விண்டோஸ் திருட்டு விண்டோஸ்தான், நான் மறுக்கவில்லை. இந்தத் தெருவில் முக்கால்வாசிக் கடையில் அதுதான். நான் முழுக்க முழுக்க நேர்மையாக வாங்கிய ஒரே பொருள் அந்தத் தமிழ்தான். அதைத்தான் முதலில் கொன்றிருக்கிறான்.

"இதான் மைனி நான் சொல்லுதது. பூட்டுப் போட்டு வித்தவன் போயிட்டான், நீங்க மாட்டிக்கிட்டிய. யாரும் எடுத்துத் திருத்திக்கிடலாம்னு விட்ட தெறந்த மென்பொருள்னா இப்படி ஆவாது. அதுவும் திருட்டு விண்டோஸ் ஹராம்லா? உம்மாகிட்ட கூடச் சொன்னேன், அவளும் சரின்னுதான் சொன்னா."

மாமிக்கு லினக்ஸ் என்றால் என்ன என்று தெரியாது. மார்க்கம் விலக்கிய ஹராம் என்றால் தெரியும். அவளிடம் கேட்டிருக்கிறான், என்னிடம் கேட்கவில்லை. அவன் சொன்னது அத்தனையும் நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் கடைக்குள் நுழைகிறவனை என்னவென்று திட்டுவது?

பத்தே கால் ஆயிற்று. எழுத்தை மாற்றித் தரும் ஏதோ ஒன்றை இணையத்தில் பிடித்துப் போட்டு, திரையில் தமிழைக் கொண்டுவந்துவிட்டான். "பாத்தியளா?" என்றான். அதற்குள் சங்கரபாண்டி அண்ணாச்சி குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். சாரலில் அவருடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"என்ன தாயி, எடுத்தாச்சா? நேரமாவுது."

"இந்தா, இப்ப வந்துரும் அண்ணாச்சி" என்று என் சார்பில் முஃபீத் பதில் சொன்னான். ஆச்சியின் முத்திரைத்தாளை வாங்கி பிரிண்டரில் செருகினான். "ஏலே, வெள்ளத்தாள்ல ஒண்ணு எடுத்துப் பாரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பட்டனை அழுத்தியிருந்தான்.

முத்திரைத்தாளில் மேல்பாதி அரசாங்கத்துக்கு, கீழ்பாதிதான் நமக்கு. இந்தத் தெருவில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது தெரியும். எழுத்தை மாற்றியபோது நான் விட்டு வைத்திருந்த இடமெல்லாம் போய்விட்டிருந்தது. ஆவுடைத்தாய் ஆச்சியின் பேர், அவள் புருஷன் பேர், கதவு எண் எல்லாம் முத்திரையின் மேலேயே கருப்பாக ஏறி அடித்து வெளியே வந்தது. முதல் தாள் வந்து, நான் பிடுங்குவதற்குள் இரண்டாவதும் வந்தது.

ஆச்சிதான் எழுந்து வந்து தாளைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் முகத்தைப் படித்துவிட்டாள்.

"கெட்டுப் போச்சோ? மூத்தவன் புதங்கெழம வந்துருவானே. அவன் வந்தா என்னய எழுத விடமாட்டாம்மா."

"நாளைக்கி வேற டோக்கன் போட்டுருவோம் ஆச்சி" என்றார் அண்ணாச்சி. தான் கையால் எழுதித் தந்திருந்த வரைவை என் மேசையிலிருந்து எடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குடையை விரித்து, ஆச்சியை அதற்குள் அழைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து எதிரே நாகராஜன் கடைக்குள் நுழைந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அந்தப் படி ஏறியதை நான் பார்த்ததில்லை.

"புதுசுக்கு மாறும்போது மொதல்ல கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் மைனி" என்றான் முஃபீத்.

"வெளிய போலே."

"மைனி..."

"பழய மாதிரி ஆக்கிக் குடு, இல்ல வெளிய போ."

"திருட்டத் திரும்பப் போட்டுத் தரமாட்டேன் மைனி. அது என் கொள்கை."

கொள்கை! அவனுடைய கொள்கைக்கு என்னுடைய கடை. பிரிண்டரில் இருந்த வெள்ளைத்தாள் கட்டை எடுத்து அவன் மேல் எறிந்தேன். ஒன்றுகூடப் படவில்லை. தாள்கள் தெருவரைக்கும் பறந்துபோய் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. நாகராஜன் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மாமி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. படித்த பிள்ளையைத் தெருவில் வைத்து அவமானப்படுத்திவிட்டேனாம். யாசர் போனில் ரொம்ப நிதானமாகப் பேசினார். நிதானமாகப் பேசினால் அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

"அவன் நல்லதுக்குத்தான செஞ்சான். ஒனக்குத்தான் கோவம் வருது. பேசாம கடைய விட்டுரு நிலோ. அட்வான்ஸத் திருப்பி வாங்கிரலாம். இந்த வயசுல புதுசா எதுக்குக் கஷ்டப்படுத?"

எனக்கு முப்பத்தாறு வயது. நான் போனை வைத்துவிட்டேன்.

நாகராஜன் இன்னும் ஒரு படி மேலே போனான். மூன்றாம் நாள் கண்ணாடி டம்ளரில் டீயோடு வந்து நின்று, "யக்கா, நம்ம கடையில ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு. ஒங்க கை வேகம் இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு? வந்து அடிங்க, பாத்துக்கலாம்" என்றான். டீயைக் குடிக்காமல் அப்படியே அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். மனிதன் இளக்காரமாகக்கூடச் சொல்லவில்லை, இரக்கப்பட்டுச் சொன்னான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

முஃபீத் அன்றைக்குக் கடையை விட்டுப் போகும்முன் தமிழ் அடிக்க ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருந்தான். இங்கிலீஷில் 'amma' என்று அடித்தால் 'அம்மா' வரும். திறந்த மென்பொருளுக்கென்று பெங்களூரில் நண்பர்களோடு சங்கம் வைத்திருப்பவன் தமிழை இப்படித்தான் அடிக்கிறான். நான் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் இரண்டு வருடம் இரும்பு மெஷினில் அடித்து, தமிழ் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியவள். எனக்கு எழுத்து விரலில் இருக்கிறது. 'a' எங்கே என்று தேடி 'அ' போடச் சொன்னால், நடக்கிறவளைப் பிடித்துத் தவழச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் நாளெல்லாம் தவழ்ந்தேன். ஒரு வாடகை ஒப்பந்தத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த ஆள் காத்திருக்கமாட்டாமல் பாதியில் எழுந்து போய்விட்டார்.

எட்டாம் நாள் மத்தியானம், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் தெரு அடங்கிக் கிடந்தபோது, கோபத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் செட்டிங்குக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனேன். எதையாவது உடைத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம்தான். விசைப்பலகை என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் தமிழ் என்று இருந்த இடத்தை அழுத்தினால் உள்ளே நான்கைந்து தமிழ் இருந்தது. அதில் ஒன்றின் பக்கத்தில் தட்டச்சு மெஷின் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அதை அழுத்திவிட்டு, விசையைப் பார்க்காமல் கையை வைத்தேன். 'இந்தத் தானசெட்டில்மெண்டு பத்திரம்' என்று என் விரல் பாட்டுக்கு ஓடியது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. முத்திரையோ பூட்டோ காசோ யாருடைய அனுமதியோ கேட்கவில்லை.

அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கும் இது இதற்குள்தான் இருந்திருக்கிறது. இரண்டு அழுத்து அழுத்தியிருந்தால் நான் ஆச்சி பத்திரத்தைப் பத்தே முக்காலுக்குள் புதிதாகவே அடித்து முடித்திருப்பேன். விடுதலை, அடிமை, ஹராம் என்று அத்தனை பேசியவனுக்கு அவன் மைனி எப்படித் தட்டச்சு அடிப்பாள் என்று தெரியவில்லை. பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. இவனைவிட அந்த மெஷின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அலமாரியிலிருந்த ஜெராக்ஸ் நகல்களை இறக்கி, ஒரு நாளைக்கு ஐந்து என்று பழைய பத்திரங்களைத் திரும்ப அடிக்க ஆரம்பித்தேன். கிணறும் ஓடையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முத்திரைத்தாளுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அடிக்கோலால் அளந்து வைத்தேன். முஃபீத் போட்டிருந்த கடவுச்சொல்லை எடுத்துவிட்டு எனக்கென்று ஒன்று வைத்தேன். மூன்றாம் வாரம் சங்கரபாண்டி அண்ணாச்சி தலையை நீட்டி, "ஒரு சின்ன ரத்துப் பத்திரம் இருக்கு, ஆவுமா தாயி?" என்றார். பெரிய பத்திரங்கள் இன்னும் எதிர்க்கடைக்குத்தான் போகின்றன. நான் கேட்கவில்லை. சின்னதை அடித்துக் கொடுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போனார்.

நேற்று முஃபீத் திரும்பவும் வந்தான். லீவு முடிந்து மறுநாள் பெங்களூருக்கு பஸ். கையில் போன், போனை நிறுத்தி வைக்க ஒரு முக்காலி.

"மைனி, அண்ணாச்சி சொன்னாவ. முழுக்க லினக்ஸ்லயே அடிக்கியளாமே! எங்க குரூப்புக்கு ஒரு வீடியோ எடுத்துக்கிடட்டா? தென்காசியில ஒரு பொம்பள, விண்டோஸத் தூக்கிப் போட்டுட்டு..."

"தூக்கிப் போட்டது யாருலே?"

அதற்கும் சிரித்தான். முக்காலியை ஜெராக்ஸ் மெஷின் மேல் நிறுத்திவிட்டு, என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, எதையோ அடித்தான். திரை உதறிக்கொண்டது. மறுபடி அடித்தான். மறுபடியும் உதறியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"பாஸ்வேர்ட மாத்திட்டியளா? என்ன மைனி போட்டிருக்கிய?"

"எந்திரி."

"சொல்லுங்க மைனி, நான்தான?"

"எந்திரிலே."

எழுந்தான். நான் உட்கார்ந்தேன். நாற்காலியில் அவன் சூடு இருந்தது. கையை விசைப்பலகை மேல் வைத்தேன். அவன் நகரவில்லை, என் தோளுக்குப் பின்னால் குனிந்து விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் இன்னொரு ரத்துப் பத்திரத்துக்காக ஒருவர் வந்து செருப்பைக் கழற்றினார். "எம்மா, லேட்டாவுமா?" என்றார். அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறவரை கடவுச்சொல்லை நான் அடிப்பதாக இல்லை. விரல்களை விசைகள் மேல் அப்படியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முஃபீத் முக்காலியை எடுத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றான்.