சம்பள நாள் கூட்டம்

ஆவடி குவார்ட்டர்ஸில் லோகநாயகி காலையில் பேப்பரைப் பிரித்தாலே போதும், இறந்துபோன கணவரின் குரல் காதருகே வந்து, அவர் பங்கு வாங்கியிருந்த சின்ன வங்கியின் விலையைப் படிக்கும்.

"எறங்குனா இன்னா லோகா? நம்ம கிளையில நிக்க எடமில்ல. இன்னும் வாங்கு."

கணவர் இறந்ததற்காக அவர் வேலை பார்த்த தொழிற்சாலை தந்த பணம் முழுவதையும் அந்தப் பங்குகளிலேயே போட்டுவிட அவள் துணிந்திருந்தாள். மகளின் படிப்புக்கு வேறு வழி கிடையாது.

அதற்கு முன் கிளையைப் பார்த்துவரப் போனால் அங்கே ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. பியூன் சுலைமான் சிரித்தார்.

"ஒண்ணாந்தேதி வாம்மா, கூட்டத்தப் பாப்பே. ஃபேக்டரி சம்பளம் வுழுந்ததும் வழிச்சு எடுத்துகினு பூடுவாங்க. அப்பாலிக்கு நாங்க ஈ ஓட்டிகினு கீறோம்."

லோகநாயகி யோசித்துப் பார்த்தாள். கணவர் அங்கே போனதெல்லாம் சம்பள நாளில்தான். பணத்தை எடுக்க வந்தவர்களைப் பார்த்துத்தான் வங்கி செழிக்கிறது என்று நம்பியிருக்கிறார். அவள் பணத்தைத் தபால் ஆபீசில் போட்டாள்.

மறுநாள் காலை பேப்பரைப் பிரித்தபோது குரல் விலையைப் படிக்கவில்லை.

"நான் தப்பா பாத்துட்டேனா லோகா?" என்று கேட்டது.

அவள் விலைப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.